கோப்பு அனுப்பும் சேவையோடு கிளவுட் டவுன்லோடும் சேர்க்கலாமா? (பினாங்கு, சின்னக் கம்பெனி)

தீவுக்காரன் | ஆயர் ஈத்தாம், பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், அச்சகங்கள், குறும்படம் எடுக்கும் பையன்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பெரிய கோப்பை எங்களிடம் ஏற்றி, இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிர்ப்பக்கம் இறக்கிக்கொள்ளும். ஏற்றுவதற்குக் கணக்கு வேண்டும், இறக்குவதற்கு வேண்டாம். மாதம் 49 வெள்ளி (ரிங்கிட்). நானும் தங்கச்சி மாப்பிள்ளையும் நடத்துகிறோம். நிரல் அவர் பக்கம், மற்றதெல்லாம் என் தலையில்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். சென்னையில் இருக்கும் எடிட்டர் கூகுள் டிரைவிலோ வேறு எங்கோ 80 ஜிபி போட்டுவிட்டு இணைப்பை அனுப்புகிறார். நம் ஆள் அதை வீட்டுக்கு இறக்கி, திரும்ப எங்களிடம் ஏற்ற வேண்டும். வீட்டு இணையத்தில் ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் 80 ஜிபி ஏற மூன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். "இணைப்பை ஒட்டிவிடுகிறேன், உங்கள் சர்வரே நேராக இழுத்துக்கொள்ளட்டுமே" என்கிறார்கள். கிளவுட் டவுன்லோடு என்று நான் சொல்வது இதைத்தான். நியாயமாகத்தான் படுகிறது.

அதைச் செய்வதென்றால் கையோடு டொரண்டும் (ஒரே கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) சேர்த்துவிடலாம், டொரண்டைத் தங்கள் சர்வரில் இறக்கிக் கொடுக்கும் சீடர், புட்.ஐஓ சேவைகள் மாதிரி, சந்தாக்காரர்கள் கூடுவார்கள் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செலவு, சட்டம், தலைவலி மூன்றையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரை பையன் | பிரை

சேருங்க அண்ணே. டொரண்ட் என்றாலே திருட்டு என்று பேசிய காலம் போயாச்சு. உபுண்டு இயங்குதளத்தின் நிறுவல் கோப்பே டொரண்டில் கிடைக்கிறது, இன்டர்நெட் ஆர்க்கைவ் அதன் கோப்புகளுக்கு டொரண்ட் கொடுக்கிறது. அதற்கு லிப்டொரண்ட், ஏரியா2 என்று இலவச நிரல்கள் இருக்கு, ஒரு சனி ஞாயிறில் கட்டிவிடலாம் லா. ஐரோப்பாவில் மலிவாக ஒரு சர்வர் எடுத்தால் போதும்.

சர்வர்சாமி | சைபர்ஜெயா

சனி ஞாயிறில் கட்டலாம் தம்பி. திங்கள் முதல் வெள்ளி வரை அதைப் பார்த்துக்கொள்வது யார்?

தீவுக்காரரே, முதலில் ஒன்று சொல்லுங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன?

தீவுக்காரன்

கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஆர்2 சேமிப்புச் சேவையில். தளம் மட்டும் ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வரில் ஓடுகிறது.

சர்வர்சாமி

அப்படியென்றால் பாதித் தலைவலி இல்லை. படிக்கும் மற்றவர்களுக்காகக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் சேமிப்புச் செலவைத்தான் பார்க்கிறார்கள்.

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், சிங்கப்பூரில், 80 ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க ஜிபிக்கு 0.025 டாலர் வீதம் 2 அமெரிக்க டாலர். ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கிருந்து இணையத்துக்கு வெளியே போகும் டேட்டாவுக்கு, முதல் 10 டிபி வரை ஜிபிக்கு 0.12 டாலர். ஒரு கல்யாண வீடியோவை யார் யார் இறக்குவார்கள்? மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, ஆல்பம் போடும் எடிட்டர், அப்புறம் கைப்பேசியில் பாதி இறக்கிவிட்டு இடமில்லை என்று கணினியில் மறுபடி இறக்கும் ஒரு சித்தப்பா. நாலு தடவை என்றாலும் 320 ஜிபி, 38 டாலருக்கு மேல். நம் காசுக்குச் சுமார் நூற்றைம்பது வெள்ளி. வாங்குவதோ மாதம் 49 வெள்ளி, அதிலும் ஒருவர் மாதத்துக்கு ஒரு கல்யாணத்தோடு நிற்கமாட்டார்.

அதனால்தான் வெளியேறும் டேட்டாவுக்குக் காசு வாங்காத இடங்கள் வந்த பிறகு உங்களைப் போன்ற சின்னவர்களால் இதை நடத்த முடிகிறது. ஆர்2 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, ஜிபிக்கு மாதம் 0.015 டாலர், வெளியேறுவதற்குக் கட்டணம் கிடையாது. பேக்பிளேஸ் பி2 என்ற சேமிப்புச் சேவையில் வைத்திருப்பதைப் போல மூன்று மடங்கு வரை இலவசமாக வெளியே போகலாம்.

இப்போது கிளவுட் டவுன்லோடுக்கு வருகிறேன். கோப்பை இழுப்பது ஆர்2 இல்லை. நீங்கள் தனியாக ஒரு சர்வர் வைத்து, அது இழுத்து, பிறகு ஆர்2-க்குத் தள்ள வேண்டும். உள்ளே வரும் டேட்டாவுக்குப் பெரும்பாலும் காசு இல்லை. ஆனால் ஆர்2-க்குத் தள்ளும்போது அது அந்த சர்வருக்கு வெளியேறும் டேட்டா. அந்த சர்வர் சிங்கப்பூர் அமேசானில் இருந்தால் 80 ஜிபியைத் தள்ள ஒன்பதரை டாலர் போயிற்று, இன்னும் வாடிக்கையாளர் ஒரு பைட் கூட இறக்கவில்லை. ஆகவே இழுக்கும் சர்வர், டேட்டா அளவு வாடகையிலேயே அடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஹெட்ஸ்னர் நிறுவனம் ஜெர்மனியில் கிளவுட் சர்வருக்கு மாதம் 20 டிபி சேர்த்தே தருகிறது. இல்லையென்றால் கோலாலம்பூரிலேயே, சாங்காட் ராஜா சூலான் ஏய்ம்ஸ் தரவு மையக் கட்டடத்திலோ எங்கள் சைபர்ஜெயாவிலோ ஒரு சர்வர் பெட்டியை வாடகைக்கு வைக்கலாம். 1 ஜிபிபிஎஸ் கோடு விநாடிக்கு 125 எம்பி தள்ளும், 80 ஜிபிக்குப் பதினோரு நிமிடம் போதும்.

கிள்ளான் கேமரா | கிள்ளான்

நடுவில் புகுந்து ஒரு கேள்வி சாமி அண்ணே. ஒரு சேவையில் (பெயர் வேண்டாம்) என் 60, 70 ஜிபி கோப்பெல்லாம் ஒழுங்காக ஏறுகிறது. 90 ஜிபி கோப்பு மட்டும் 92, 93 சதவீதம் வரை போய்ச் செத்துவிடுகிறது. திரும்ப ஏற்றினாலும் அதே இடம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. இணையம் அறுந்ததாகவும் தெரியவில்லை.

சர்வர்சாமி

அதே இடத்தில் சாகிறது என்றால் இணையத்தைக் குற்றம் சொல்ல முடியாது. என் ஊகம் இது. பெரிய கோப்பைத் துண்டு துண்டாகத்தான் ஏற்றுவார்கள். எஸ்3-இலும் அதைப் பின்பற்றும் இடங்களிலும் ஒரு கோப்புக்கு அதிகபட்சம் 10,000 துண்டுகள். நிரல் எழுதியவர் துண்டின் அளவை 8 எம்பி என்று நிலையாக வைத்திருந்தால் 10,000 துண்டில் 80,000 எம்பிதான் அடங்கும். கணினி ஒரு எம்பியைப் பத்து லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணுவதால் அது 84 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் 90 ஜிபியில் 93 சதவீதம் என்பதும் அதே 84-ஐ ஒட்டித்தான் வருகிறது. அதற்கு மேல் 10,001-ஆவது துண்டை அனுப்பும்போது அந்தப் பக்கம் வாங்காது.

கோப்பின் அளவைப் பார்த்துத் துண்டின் அளவை முடிவு செய்தால் சரியாகிவிடும். ஆனால் தீவுக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைப்பிலிருந்து இழுக்கும்போது எதிர்ப்பக்க சர்வர் சில நேரம் மொத்த அளவையே சொல்லாது. ஆர்2-இல் கடைசித் துண்டைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால் நடுவழியில் மாற்றவும் முடியாது. எடுத்தவுடனே 64 எம்பி என்று வைத்துவிடுங்கள். 640 ஜிபி வரை தாங்கும்.

கிள்ளான் கேமரா

இதை அந்தக் கம்பெனிக்காரனுக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பினால் புரிந்துகொள்வானா தெரியவில்லை. நன்றி அண்ணே.

செந்தூல்காரன் | கோலாலம்பூர்

செலவை விடுங்கள். யாரை உள்ளே விடுகிறீர்கள் என்பதில்தான் இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும்.

நானும் செந்தூலில் இருந்து இதே மாதிரி ஒன்று நடத்தியவன்தான். கணக்கே வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இருந்தது. தை மாதம், கல்யாண சீசன். யாரோ ஒருவன் ஒரு எச்டிஎம்எல் கோப்பை ஏற்றியிருக்கிறான். திறந்தால் ஒரு வங்கியின் உள்நுழைவுப் பக்கம். பயனர் பெயர், கடவுச்சொல், கீழே டிஏசி எண்ணை (வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் உறுதி எண்) கேட்க ஆறு கட்டம், எல்லாம் அச்சு அசல். எங்கள் டொமைனில் இருந்ததால் பூட்டுச் சின்னமும் விழுந்திருக்கிறது. அந்த இணைப்பைக் குறுஞ்செய்தியில் ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

அன்று சாயங்காலமே பிரவுசர்கள் எங்கள் டொமைன் முழுவதுக்கும் சிவப்புப் பக்கம் காட்டின. அந்தக் கோப்புக்கு மட்டுமில்லை, எல்லா இணைப்புக்கும். கல்யாண வீட்டுக்காரர் வீடியோவைத் திறந்தால் "ஏமாற்றுத் தளம்" என்று வருகிறது. போட்டோ எடுத்தவரைத் திட்டுகிறார்கள், அவர் எங்களைத் திட்டுகிறார். கோப்பை அழித்து, மறுபரிசீலனை கேட்டு, பிரவுசர் பக்கம் சீக்கிரமே சரியானது. ஆனால் அலுவலகங்களின் மின்னஞ்சல் வடிகட்டிகள் எங்கள் பெயரை மறக்க மாதக்கணக்கில் ஆயிற்று. எங்கள் இணைப்பு இருந்தாலே அஞ்சல் குப்பைக்குப் போகும்.

தீவுக்காரரே, கோப்புகள் இறங்கும் டொமைனைத் தளத்தின் டொமைனிலிருந்து பிரித்து வையுங்கள். கூகுள், கிட்ஹப் எல்லாம் பயனர் கோப்புகளுக்கு வேறு டொமைன் வைத்திருப்பது இதற்காகத்தான். எச்டிஎம்எல், எஸ்விஜி எதுவாக இருந்தாலும் பிரவுசருக்குள் திறக்கவிடாமல் கட்டாயம் இறக்கவே வையுங்கள்.

பிரை பையன்

அவர்தான் கணக்கு இருந்தால் மட்டுமே ஏற்ற விடுகிறாரே. அப்படியும் பயம் என்றால் முழுசாக என்கிரிப்ட் செய்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. தெரியாததற்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம்?

சர்வர்சாமி

மொசில்லா அதைத்தான் செய்தது. ஃபயர்பாக்ஸ் செண்ட், 2019 மார்ச்சில் வெளியானது. முனையிலிருந்து முனை வரை என்கிரிப்ஷன், கணக்கு இல்லாமல் 1 ஜிபி, கணக்கோடு 2.5 ஜிபி. அருமையான சேவை, நானே பயன்படுத்தினேன். மால்வேர் அனுப்புகிறவர்களும் அதே அளவுக்கு ரசித்துப் பயன்படுத்தினார்கள். 2020 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள், செப்டம்பரில் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். மொசில்லாவுக்கே அந்தக் கதி என்றால் ஆயர் ஈத்தாமில் இரண்டு பேர் என்ன செய்வார்கள்?

என்கிரிப்ஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வாடிக்கையாளரைப் பாதுகாக்க. உங்கள் கண்ணைக் கட்டிக்கொள்ள இல்லை.

பிஜே அக்கா | பெட்டாலிங் ஜெயா

வழக்கறிஞர் என்ற முறையில் பொதுவாகச் சொல்கிறேன், இதையே ஆலோசனையாக எடுத்துக்கொண்டு கம்பெனி நடத்த வேண்டாம்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல், 2012 திருத்தம் வழியாகச் சேவை வழங்குவோருக்கு ஒரு பாதுகாப்புப் பகுதி சேர்ந்தது. வாடிக்கையாளர் தானாக ஏற்றிய கோப்பு உங்களிடம் இருக்கிறது, அது திருட்டு நகல் என்று உங்களுக்குத் தெரியாது, உரிமையாளர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் அதை நீக்குகிறீர்கள் என்றால் பாதுகாப்பு உண்டு. 48 மணி நேரம் என்பதில் ஹரி ராயா விடுமுறை, தீபாவளி விடுமுறை எல்லாம் கழியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்து சேர ஒரு முகவரி, அதைத் தினமும் பார்க்க ஓர் ஆள், இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும்.

டொரண்டில் நிலைமை மாறுகிறது. தபால்காரர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு. யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டுச் சுவர் ஏறிப் பொருளை எடுத்துவந்து கொடுப்பது வேறு. இழுப்பது உங்கள் சர்வர், நகல் எடுப்பது உங்கள் சர்வர், அந்த வேலைக்கு நேரடியாகச் சந்தா வாங்குவதும் நீங்கள். அந்தப் படத்தின் உரிமையாளர் கேட்டால் "பயனர்தான் செய்தார்" என்று சொல்லும் இடம் மிகவும் சிறிதாகிவிடும்.

மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையின் கதையைத் தம்பி கேள்விப்பட்டிருக்கலாம். 2012 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை மூடியது. குற்றப்பத்திரிகையில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒரு தொழில்நுட்ப விஷயம். ஒரே கோப்பை ஆயிரம் பேர் ஏற்றினாலும் அவர்கள் ஒரு நகலைத்தான் வைத்திருந்தார்கள், இணைப்புகள் மட்டும் வேறு வேறு. இடத்தை மிச்சப்படுத்தும் நல்ல முறைதான். ஆனால் நீக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அந்த ஓர் இணைப்பை மட்டும் நீக்கினார்கள், கோப்பு அப்படியே இருந்தது, மற்ற இணைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. தீவுக்காரர் அந்த முறையை வைத்திருந்தால் இதைக் கவனியுங்கள்: நீக்கும்போது ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) அளவில் நீக்க வேண்டும், அதே ஹாஷ் மறுபடி ஏறாமலும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேமரா வைத்திருப்பவர்களுக்காக. அந்த முடக்கத்தில் ஒஹாயோவில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்து விற்றுவந்த ஒருவரின் வீடியோக்களும் மாட்டிக்கொண்டன. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தன் சொந்தக் கோப்புகளைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

கிள்ளான் கேமரா

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அண்ணே, என் கல்யாண வீடியோவும் யாரோ இறக்கிய திருட்டுப் படமும் ஒரே சர்வரில் வேண்டவே வேண்டாம். 49 வெள்ளி நான் கட்டுவது அதற்கில்லை.

பிரை பையன்

எல்லாரும் என்னையே அடிக்கிறீங்க. சீடர், புட்.ஐஓ எல்லாம் இன்னும் நடக்கிறதே, அவர்களை யாரும் மூடவில்லையே?

சர்வர்சாமி

நடக்கிறது தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கென்றே ஆள் வைத்து, புகார் பிரிவு வைத்து, முதல் நாளிலிருந்து அந்தத் தொழிலாகவே நடத்துகிறார்கள். இங்கே கேள்வி வேறு. டொரண்டில் உங்கள் சர்வரின் ஐபி முகவரி அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதைக் குறித்துக்கொள்வதற்கென்றே நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அறிவிப்பு உங்களுக்கு வராது, சர்வர் வாடகைக்கு விட்டவருக்குப் போகும். அவர் உங்களுக்கு ஒரு நாள் கெடு கொடுப்பார், இரண்டாவது முறை கேட்கவும் மாட்டார், சர்வரை நிறுத்திவிடுவார். அந்த சர்வரில்தான் கிள்ளான்காரரின் வீடியோ பாதி இழுபட்டுக்கொண்டிருக்கும்.

பணம் வாங்கும் இடத்திலும் அதே கதை. பேபால் விதிமுறையில் கோப்புப் பகிர்வுச் சேவைகள் முன்அனுமதி வாங்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. கார்டு நிறுவனங்களும் இந்த வகையை ஆபத்தான தொழிலாகத்தான் பார்க்கின்றன. எஃப்பிஎக்ஸ், டுயிட்நவ் என்ற மலேசியக் கட்டண முறைகளை வைத்து உள்ளூரில் ஓட்டலாம், ஆனால் சென்னை எடிட்டர் எப்படிக் கட்டுவார்?

தீவுக்காரன்

டொரண்ட் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை. ஆனால் இணைப்பை ஒட்டினால் இழுப்பது? எச்டிடிபி இணைப்பு மட்டும். அதிலும் ஆபத்து உண்டா?

சர்வர்சாமி

உண்டு, அது உங்களுக்கே ஆபத்து. "எந்த முகவரியைக் கொடுத்தாலும் என் சர்வர் போய் எடுத்துவரும்" என்று வெளியாளுக்குச் சொல்கிறீர்கள். அவன் யூடியூப் முகவரி கொடுக்கமாட்டான். 169.254.169.254 என்று கொடுப்பான். பல கிளவுட்களில் அந்த முகவரிதான் சர்வர் தன்னைப் பற்றித் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம். தற்காலிகச் சாவிகள்கூட அங்கே கிடைக்கும். உங்கள் சர்வரே அதை எடுத்து, ஒழுங்காகக் கோப்பாகச் சேமித்து, இறக்குவதற்கு இணைப்பும் கொடுத்துவிடும். 2019-இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் பத்துக் கோடி அமெரிக்கர்களின் விவரம் போனது இந்த வகை ஓட்டையில்தான்.

முகவரியைப் பார்த்துத் தடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நல்ல முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து திசை திருப்புவான். இல்லையென்றால் டொமைன் பெயர் முதல் தடவை நல்ல ஐபியைக் காட்டும், இரண்டாம் தடவை உள் ஐபியைக் காட்டும். பெயரை ஐபியாக்கி, அந்த ஐபியைச் சோதித்து, அதே ஐபிக்குத்தான் இணைய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இதே சோதனை, ஐபிவி6-க்கும் சேர்த்து. இழுக்கும் சர்வரில் எந்தச் சாவியும் இருக்கக்கூடாது, ஏற்றுவதற்கு மட்டும் கையெழுத்திட்ட தற்காலிக முகவரிகளைக் கொடுங்கள்.

அப்புறம் கூகுள் டிரைவ். உங்கள் ஆட்கள் கேட்பதே அதைத்தானே? வெறும் இணைப்பை ஒட்டினால் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புக்கு "வைரஸ் சோதிக்க முடியவில்லை, இறக்கட்டுமா?" என்று ஒரு பக்கம் வரும். மனிதர் என்றால் பொத்தானை அழுத்துவார். உங்கள் சர்வர் அந்தப் பக்கத்தையே இறக்கி, "கல்யாணம் முழு வீடியோ" என்று பெயர் வைத்துச் சேமித்து, வெற்றி என்று பச்சை டிக் போடும்.

தீவுக்காரன்

சிரித்துவிட்டேன். போன மாதம் ஒருவர் 80 ஜிபி கோப்பு இரண்டு கிலோபைட் ஆகிவிட்டது என்று ஒரு படம் அனுப்பினார், வேறு ஏதோ சேவையில். இப்போதுதான் புரிகிறது. அப்படியென்றால் டிரைவிலிருந்து எப்படித்தான் எடுப்பது?

சர்வர்சாமி

இணைப்பை ஒட்டும் பெட்டியே வேண்டாம். வாடிக்கையாளர் தன் கூகுள் கணக்கில் நுழைந்து, கூகுளின் பிக்கர் சாளரத்தில் கோப்பைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் கோப்புக்கு மட்டும் உங்களுக்கு அனுமதி கிடைக்கும். மொத்த டிரைவையும் படிக்கும் அனுமதி கேட்டால் கூகுள் உங்களைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு அனுப்பும், இந்த வழிக்கு அது தேவையில்லை. சென்னை எடிட்டர் வாடிக்கையாளரின் கணக்கோடு பகிர்ந்த கோப்பும் பிக்கரில் தெரியும்.

இதில் இன்னும் இரண்டு லாபம். கோப்பின் அளவு முன்கூட்டியே தெரியும். எம்டி5 என்ற சரிபார்ப்புத் தொகையும் டிரைவே கொடுக்கும், அதை வைத்து வந்து சேர்ந்தது முழுசாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆர்2 காட்டும் ஈடேக் (ETag) என்ற அடையாளக் குறியை அதோடு ஒப்பிடாதீர்கள். துண்டு துண்டாக ஏற்றிய கோப்புக்கு அது முழுக் கோப்பின் எம்டி5 இல்லை. ஓடும்போதே நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அச்சகத்தார் | ஜாலான் மஸ்ஜிட் இந்தியா

சட்டமும் சர்வரும் எனக்குத் தெரியாது. ஆனால் தீவுக்காரர் தம்பி, தமிழில் பெயர் வைத்த கோப்பை அனுப்பினால் உங்கள் தளத்தில் தேடக் கிடைப்பதில்லை. "கோவில் மலர்" என்று கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. மேக் வைத்திருக்கும் வடிவமைப்பாளர் பையன் அனுப்புவதில்தான் இப்படி. இன்னும் சில நீளப் பெயர்கள் இறங்கும்போது வால் அறுந்து இறங்குகின்றன.

தீவுக்காரன்

ஐயா, முதலாவது எங்களுக்கும் புதிராகவே இருந்தது, போன வாரம்தான் மாப்பிள்ளை கண்டுபிடித்தார். "கோ"வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக ஒன்று, முன்னால் இரட்டைக் கொம்பு பின்னால் கால் என்று பிரித்து இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கில் இருந்து வரும் சில கோப்புகள் பிரித்த வடிவில் வருகின்றன, நீங்கள் தட்டுவது சேர்ந்த வடிவம். ஏறும்போதே எல்லாப் பெயரையும் ஒரே வடிவுக்கு மாற்றும்படி செய்துவிட்டோம். பழைய கோப்புகளுக்கு இந்த வாரம் ஓட்டுகிறோம்.

வால் அறுவது வேறு. ஒரு தமிழ் எழுத்துக் குறி யூடிஎஃப்-8-இல் 3 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது, அதாவது 85 குறிகள். "அருள்மிகு" என்று தொடங்கிக் கோவில் பெயர், ஊர், விழா, வருடம் வரை எழுதினால் தாண்டிவிடுகிறது. இப்போது சர்வரில் வெறும் எண்ணாகச் சேமித்து, பெயரைத் தரவுத்தளத்தில் வைக்கிறோம். எங்கள் பக்கம் அறுபடாது. இறக்குகிறவர் லினக்ஸ் வைத்திருந்தால் அந்த எல்லை இருக்கும்.

பிஜே அக்கா

அச்சகத்தார் என்றதும் நினைவு வந்தது. அச்சகங்கள் ஐசி (அடையாள அட்டை) நகல், உறுப்பினர் பட்டியல் எல்லாம் இந்தச் சேவைகளில் அனுப்புகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இப்போது திருத்தப்பட்டிருக்கிறது. தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் நடைமுறை. யார் எந்தக் கோப்பை எப்போது இறக்கினார்கள் என்ற பதிவு இல்லையென்றால் கசிந்ததா இல்லையா என்றே உங்களால் சொல்ல முடியாது.

சேவை வரி 8 சதவீதம் என்பது 5 லட்சம் வெள்ளி விற்றுமுதலுக்குப் பிறகு. இப்போதைக்கு உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

கிள்ளான் கேமரா

ஒரு சந்தேகம். 2025 ஜூலையில் வீட்ரான்ஸ்ஃபர் என்ற கோப்பு அனுப்பும் சேவையின் விதிமுறையில் நம் கோப்பை வைத்து இயந்திரக் கற்றல் மாதிரிகளை மேம்படுத்தலாம் என்று ஒரு வரி வந்து எல்லாரும் சத்தம் போட்டார்களே. அப்புறம் அவர்கள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள், அப்படிச் செய்வதில்லை என்றும் சொன்னார்கள். உங்கள் விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறது?

தீவுக்காரன்

சேமிக்க, அனுப்ப, நீக்க. இந்த மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி வாங்குகிறோம். அக்காவின் கண்ணில் படட்டும் என்று அந்தப் பக்கத்தை நாளை இங்கே ஒட்டுகிறேன்.

இதுவரை பேசியதை வைத்து நாங்கள் செய்யப்போவது: டொரண்ட் இல்லை, இணைப்பு ஒட்டும் பெட்டி இல்லை. கூகுள் டிரைவ் பிக்கர் மட்டும் முதலில், டிராப்பாக்ஸ் பிறகு. இழுக்கும் பெட்டி கோலாலம்பூரில். ஜெர்மனி மலிவுதான், ஆனால் கல்யாண வீடியோவை அங்கே அனுப்பித் திரும்ப எடுக்க எனக்கு விருப்பமில்லை. இறக்கும் டொமைனைப் பிரிக்கும் வேலை இன்றிரவே தொடங்குகிறது. சோதனைக்குப் பெரிய கோப்பு யாரிடம் இருக்கிறது?

பிரை பையன்

பிக்கர் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன் அண்ணே. காசு வேண்டாம், ஒரு வருஷக் கணக்கு கொடுங்க.

தீவுக்காரன்

சரி தம்பி. மாப்பிள்ளையிடம் பேசு, எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கிள்ளான் கேமரா

என்னிடம் ரவாங் கல்யாணம் ஒன்று இருக்கிறது, 112 ஜிபி, ஒரே கோப்பு. டிரைவில் ஏற்கனவே கிடக்கிறது.

சர்வர்சாமி

நல்லது. அதை முழுசாக இழுப்பதற்கு முன்னால் பாதியில் ரத்து செய்து பாருங்கள். பெட்டியின் மின்சாரத்தையும் ஒரு தடவை பிடுங்கிப் பாருங்கள். பாதியில் நின்ற துண்டுகள் பட்டியலில் தெரியாமல் உள்ளே கிடக்கும். ஆர்2 தானாக ஏழு நாளில் அழித்துவிடும், எஸ்3-க்கு நீங்களே விதி எழுத வேண்டும். நீங்கள் ஆர்2 என்றாலும் அந்த ஏழு நாள் வரை காத்திருக்காமல் ரத்து செய்தவுடனேயே அழிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.